கிரிஞான்-லே-அதேமார்

தென்கிழக்கு பிரான்சில், ரோன் ஆற்றின் கிழக்கே துரோம் மாவட்டத்தில் விளையும் ஒயினுக்கான சட்டபூர்வப் பெயர். 2010 வரை இது 'கோத்தோ டு திரிகாஸ்தென்' எனப்பட்டது. கிரனாஷ், சிரா திராட்சைகளாலான சிவப்பு ஒயினே மிகுதி. ரோசேயும் வெள்ளையும் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நலிந்திருந்த இப்பகுதித் திராட்சைத் தோட்டங்களுக்கு, 1960களில் வட ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பிரெஞ்சுக் குடியேறிகள் புத்துயிர் கொடுத்தனர். 1964இல் இரண்டாம் படித்தரமான விடிகியூஎஸ் தகுதியும், 1973இல் உயர்தரமான ஏஓசி தகுதியும் (பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு) கிடைத்தன.

பழைய பெயரிலுள்ள திரிகாஸ்தென் என்பது பழங்கால கால் (Gaul) இனக்குழு ஒன்றின் வழிவந்த வட்டாரப் பெயர். அதே பெயரைத் தாங்கிய அணுமின் நிலையம் 1980இல் அருகிலேயே இயங்கத் தொடங்கியது. ஒயின் தகுதி பெற்றது அதற்கு முன்பே என்றாலும், வாங்குவோர் மனத்தில் உலையே முந்திக்கொண்டது. 2008 ஜூலையில் அந்த அணுசக்தி வளாகத்திலிருந்து யுரேனியம் கலந்த கழிவுநீர் வெளியேறி அருகிலிருந்த ஓடைகளில் கலந்தது. செய்தி பரவியதும் விற்பனை சரிந்தது.

உற்பத்தியாளர்களின் கோரிக்கையை ஏற்று, பிறப்பிடப் பெயர்களை நிர்வகிக்கும் இனாவோ நிறுவனம் 2010இல் பெயர்மாற்றத்துக்கு இசைந்தது. மண்ணையும் இடத்தையும் பெயரால் காப்பதற்கென்றே உருவான ஒரு முறையில் இது விந்தையான முடிவுதான். புதிய பெயரிலுள்ள கிரிஞான், கோட்டைக்குப் பெயர்பெற்ற ஊர். கடித இலக்கியத்தால் புகழ்பெற்ற மதாம் தெ செவிஞே 1696இல் இறந்தது இங்குதான். அதேமார், இப்பகுதியை ஆண்ட இடைக்காலப் பிரபுக் குடும்பம்.