யாருடைய சிலுவை?

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் பாட்டியிடம் எதைச் சொல்லிப் புலம்பினாலும் ஒரே பதில்தான்: "அவங்கவங்க சிலுவைய அவங்கவங்கதான்யா சுமக்கணும்." முழங்கால் வலிக்கும் அதே பதில், தாத்தாவின் குடிக்கும் அதே பதில். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வரும். பொறுத்துக்கொள்ளச் சொல்லும் விசுவாசம் யாருக்கு வசதி? குடிக்கிறவருக்குத்தானே?

சிபில் கார்த்திகேசுவைப் படித்த பிறகு அந்தக் கேள்வி கொஞ்சம் மாறியது.

சிபில் 1899-இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண். கத்தோலிக்கர், தாதி. 1919-இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். மாப்பிள்ளை தமிழர், இந்து. அதனால் பெண் வீட்டில் முதலில் எதிர்ப்பு இருந்தது. பிறகு இருவரும் ஈப்போவில் கிளினிக் நடத்தினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது பக்கத்து ஊரான பாப்பானுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அங்கே காட்டிலிருந்து இரவில் வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு சிபில் ரகசியமாக வைத்தியம் பார்த்தார். வானொலியை ஒளித்து வைத்து பிபிசி செய்தி கேட்டார். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் செய்தார். 1943-இல் கெம்பித்தாய், அதாவது ஜப்பானிய ராணுவப் போலீஸ், அவரைப் பிடித்தது. எவ்வளவு வதைத்தும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

போர் முடிந்ததும் சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. ஆனால் வதையில் தாடையில் பட்ட காயம் ஆறாமல் 1948 ஜூன் 12-இல் இறந்துபோனார். வயது 48.

கெத்சமனே தோட்டத்தில் இயேசுவே துன்பக் கிண்ணத்தை அகற்றும்படிதான் முதலில் மன்றாடுகிறார். வலியை அவர் விரும்பிக் கேட்கவில்லை. துன்பத்தைப் பற்றி 1984-இல் திருமடல் எழுதிய போப் இரண்டாம் ஜான் பாலும் அதை நல்ல சமாரியன் உவமையில் கொண்டுபோய்த்தான் முடிக்கிறார். அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கிவிட வேண்டும். 'பொறுத்துக்கொள்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது கிறிஸ்தவம் இல்லை. சிபில் சுமந்தது அடுத்தவர் உயிருக்கான விலை. பாட்டி சுமந்தது தாத்தாவின் குடியை. இரண்டுக்கும் சிலுவை என்று ஒரே பெயர் வைத்ததுதான் தப்பு என்று நினைத்தேன்.

அதைப் பாட்டியிடமே சொல்லப் போனேன். சிபிலின் கதையை முழுதாகச் சொன்னேன். வாயைத் திறக்க வைக்க, சிபிலின் கண்ணெதிரிலேயே அவருடைய சின்ன மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டியதையும் சொன்னேன். அப்போதும் சிபில் பேசவில்லை. டான் உயிர் பிழைத்துவிட்டாள்.

பாட்டி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அம்மாக்காரி தெரிஞ்சுதான் தூக்குனா, சரி. அந்தப் புள்ளைய யாருய்யா கேட்டா?" என்றார்.

நான் கொண்டுபோன விளக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.