மந்து: கொச்சியின் யானைக்கால் நோயும் நுண்ணுயிர் ஆய்வின் தடமும்

முன்னுரை

மலபாரில் கால் வீங்கியோரை 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டச்சுப் பயணி லின்ஷோட்டன் பதிவு செய்தார். மயிலாப்பூரில் புனித தோமாவைக் கொன்றவர்களின் வழிவந்தோர்க்கு வந்த சாபம் என்ற கதையையும் எழுதிவைத்தார். 1709இல் கிளார்க் என்பவர் கொச்சியில் கண்ட இந்நோயை ‘மலபார் கால்’ என்றார். மலையாளத்தில் இது மந்து. ஒரு கால் மந்தை மறுகாலுக்கு மாற்றும்படி காளியிடம் வரம் கேட்டானாம் கேரள நாட்டார் கதைகளில் வரும் நாராணத்துப் பிராந்தன். நோய் முற்றாக நீங்கும் என்ற நினைப்பே எழாத காலத்தின் குரலை அக்கதையில் கேட்கிறேன். சாபத்திலிருந்து கிருமிக்கும், கிருமிக்குள் வாழும் கிருமிக்கும் ஆய்வு வந்து சேர்ந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

புழுவும் கொசுவும்

1872இல் கல்கத்தாவில் திமொதி லூயிஸ் மனித இரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பாங்க்ராஃப்ட் முதிர்புழுவைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு சீனாவின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் காட்டினார். கொசு செத்து விழுந்த நீரைக் குடிப்பதால் நோய் பரவுகிறது என்று அவர் கருதினார். 1900இல் ஜார்ஜ் லோ கொசுவின் உறிஞ்சுகுழலிலேயே புழுவைக் கண்டபின், கொசுக்கடியே வழி என்பது உறுதிப்பட்டது. நுண்புழு இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும் என்பதும் மான்சன் கண்டதே. சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாகச் சென்று விரல்நுனி இரத்தம் எடுத்தது இதனால்தான்.

ஒரே கரை, இரு நோய்கள்

கொச்சி நகரில் பரவுவது வுச்சரேரியா பாங்க்ராஃப்டி. சாக்கடையிலும் கழிவுநீர்த் தேக்கத்திலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைச் சுமக்கிறது. தெற்கே சேர்த்தலையின் நோய்க்குக் காரணம் புரூகியா மலாயி. அதைக் கடத்துவது மான்சோனியா கொசு. இக்கொசுவின் இளம்புழு (லார்வா) நீர்மேல் வந்து மூச்சு விடுவதில்லை. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து அங்கிருந்து காற்றை உறிஞ்சுகிறது. செடியை அகற்றினால் கொசு அழியும். திருவிதாங்கூரின் இந்நிலையை எம்.ஓ.டி. ஐயங்கார் 1938இல் விரிவான ஆய்வேடாக வெளியிட்டார். தென்னைக்கு உரமாக மக்கள் குளத்தில் வளர்த்த செடியே நோய்க்கும் தொட்டிலாயிருந்தது. அதனால் 1980களில் சேர்த்தலையில் பணியாற்றிய புதுச்சேரி நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், செடிகளை நீக்கிய குளங்களில் மீன் வளர்க்க வழிகாட்டியது. செடியால் கிடைத்த வருவாய்க்கு மீன் ஈடாயிற்று.

மருந்து

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழு 1947இல் டைஎதில்கார்பமசைன் என்னும் மருந்தை அளித்தது. இந்தியாவில் தேசிய ஃபைலேரியா (யானைக்கால் நோய்) கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கிற்று. இம்மருந்து நுண்புழுவை விரைவில் அழிக்கிறது. நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழும் முதிர்புழுவை முழுதும் அழிப்பதில்லை. எனவேதான் 2004 முதல் நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுதோறும் எல்லாருக்கும் மருந்து வழங்கும் முறை வந்தது.

புழுவுக்குள் பாக்டீரியா

1970களில் மின்னணு நுண்ணோக்கி, ஃபைலேரியாப் புழுக்களுக்குள் பாக்டீரியா வாழ்வதைக் காட்டியது. அது வோல்பேக்கியா, 1924இல் ஹெர்டிக்கும் வோல்பாக்கும் கியூலெக்ஸ் கொசுவில் முதலில் கண்ட இனம். அது இல்லாமல் இப்புழுக்கள் இனப்பெருக்கம் செய்ய இயலாது. புரூகியா மலாயியின் வோல்பேக்கியா மரபணுத் தொகுதி 2005இலும், புழுவின் தொகுதி 2007இலும் வெளியாயின. டாக்சிசைக்ளின் இப்பாக்டீரியாவை ஒழிப்பதால் புழு மலடாகி மெல்ல மடிகிறது. ஆயினும் வாரக்கணக்கில் உண்ண வேண்டிய இம்மருந்தைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் தர இயலாததால், ஊர் முழுமைக்கும் வழங்க வழியில்லை. இதே வோல்பேக்கியாவின் வேறு வகைகளை டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவில் புகுத்தி, புதுச்சேரி மையம் புதிய கொசு வகைகளை உருவாக்கியதை 2022இல் அறிவித்தது. டெங்கு வைரஸ் அக்கொசுக்களில் எளிதில் பெருகாது.

முடிவுரை

இரத்தத்தில் புழு, புழுவில் பாக்டீரியா என்று ஆய்வு உள்ளே செல்லச் செல்ல மருந்துகள் கூர்மையடைந்தன. ஆனாலும் கொச்சிக்கும் சேர்த்தலைக்கும் வேறு வேறு வழி காட்டியது அவ்விடத்துத் தண்ணீரே. இலங்கை 2016இல் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கியது, நம்மாலும் இயலும். கொச்சியில் கலூர் வழியே ஓடும் தேவரா–பேரண்டூர் கால்வாய் தேங்கி நின்றால், கியூலெக்ஸ் அங்கே முட்டையிடத் தயங்காது. நுண்ணோக்கியில் நாம் கற்ற பாடம் அந்தக் கால்வாயின் நீரோட்டத்தில்தான் பயனாக வேண்டும்.