அடுக்குமாடிக் கட்டடம் வாங்குமுன் காப்புறுதிச் செலவைக் கேளுங்கள்

ஆறு அல்லது எட்டு வீடுகள் கொண்ட சிறிய அடுக்குமாடிக் கட்டடத்தை முழுதாக வாங்க நினைப்பவர்கள், வங்கித் தவணையையும் வாடகையையும் கணக்குப் போடுகிறார்கள். காப்புறுதியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். ஸ்ட்ராத்தா பட்டா உள்ள கட்டடத்துக்கு நிர்வாகக் குழு காப்புறுதி எடுக்கும். ஒரே பட்டாவில் வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

வாங்கிய விலைக்குக் காப்புறுதி எடுக்க வேண்டாம். நிலம் தீயில் எரியாது. கட்டடத்தை மீண்டும் கட்ட ஆகும் செலவே கணக்கு. அதற்கான கணிப்பான் மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் இணையத்தளத்தில் உண்டு. செலவைக் குறைக்கத் தொகையைக் குறைப்பது ஆபத்து. மீண்டும் கட்ட 10 லட்சம் ரிங்கிட் தேவைப்படும் கட்டடத்துக்கு 6 லட்சத்துக்கே காப்புறுதி இருந்தால், 2 லட்சம் ரிங்கிட் சேதத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம்தான் கிடைக்கும். மீதி 80 ஆயிரம் உங்கள் கைப்பணம்.

அடிப்படைத் தீ காப்புறுதியில் வெள்ளம் சேராது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளம், குழாய் வெடிப்பு, வாடகை இழப்பு, வாடகைதாரரோ வருவோரோ காயமடைந்தால் வரும் பொறுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே விலை கேளுங்கள். கீழ்மாடியில் உணவகமோ பட்டறையோ இருந்தால் சந்தா கூடும். அதை மறைத்தால் இழப்பீடே சிக்கலாகும். சந்தாவுடன் 8 விழுக்காடு சேவை வரியும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் சேரும்.

முன்பணம் கட்டுமுன் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். முன்பு இழப்பீடு கோரியதுண்டா என்று விற்பவரிடமும் கேளுங்கள்.