இந்தோனேசியா: அனுமதிப்பத்திரம் ஒழிந்த பின்னர்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது எவரும் எனக்கு ஊடகவியல் கற்பிக்கவில்லை. கலைப் பட்டதாரி என்ற ஒரே தகுதியை வைத்து ஆசிரியபீடத்தில் ஒரு மேசையைக் காட்டினார்கள். அங்கே முதலில் கற்ற பாடத்தை இன்றும் மறக்கவில்லை. செய்தியாசிரியரின் மேசையிலிருந்த தொலைபேசி இரவில் ஒலித்தால், அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தில் ஒரு பத்தி குறையும். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. சில மாதங்கள் கழிந்ததும் அந்தத் தொலைபேசி ஒலிப்பது குறைந்தது. எங்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டதென்று அதற்குப் பொருளில்லை. நீக்கப்படக்கூடிய பத்திகளை நாங்களே எழுதாமல் விடப் பழகியிருந்தோம்.

பல ஆண்டுகளின் பின்னர் இந்தோனேசியப் பத்திரிகைகளின் வரலாற்றை வாசிக்க நேர்ந்தபோது, இந்தப் பழக்கத்துக்கு அந்நாட்டில் ஒரு பெயரே இருந்ததை அறிந்தேன். 'புடாயா தெலெபோன்', அதாவது தொலைபேசிக் கலாசாரம் என்று அங்குள்ள பத்திரிகையாளர்கள் அதனை அழைத்தார்கள். சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு நகரும் ஒரு சமூகத்தில் பத்திரிகையாளனுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அந்த நாடே நினைவுக்கு வருகிறது.

சுஹார்த்தோவின் 'புதிய ஒழுங்கு' ஆட்சி மூன்று தசாப்தங்களுக்கு மேல் நீடித்தது. அக்காலத்தில் எல்லாப் பத்திரிகைகளுக்கும் முன்கூட்டிய தணிக்கை நடத்த வேண்டிய தேவை அரசுக்கு இருக்கவில்லை. வெளியீட்டு அனுமதிப்பத்திரம் என்ற ஒரு காகிதம் போதுமாயிருந்தது. 1984இல் கொண்டுவரப்பட்ட அமைச்சு ஒழுங்குவிதி ஒன்றின்படி, தகவல் அமைச்சர் விரும்பினால் அதனை இரத்துச் செய்யலாம். பத்திரிகையாளர்களுக்கு அரசு அங்கீகரித்த ஒரே ஒரு சங்கமே இருந்தது. அதன் பரிந்துரையின்றி எவரும் பிரதம ஆசிரியராக முடியாது.

1994 யூன் 21ஆம் திகதி டெம்போ, எடிட்டர், டெடிக் ஆகிய மூன்று வார வெளியீடுகளின் அனுமதிப்பத்திரங்கள் ஒரே நாளில் இரத்தாயின. இவற்றுள் டெம்போ, குனாவான் மொஹமட் என்னும் எழுத்தாளரின் தலைமையில் 1971இல் தொடங்கப்பட்ட சஞ்சிகை. முன்னைய கிழக்கு ஜேர்மனியின் போர்க்கப்பல்கள் 39ஐ வாங்கும் விடயத்தில் அமைச்சர் ஹபீபிக்கும் நிதியமைச்சருக்கும் இடையே எழுந்த முரண்பாட்டை அது வெளியிட்டிருந்தது. தடையை விதித்த தகவல் அமைச்சர் ஹர்மோக்கோ, தாமே ஒரு பத்திரிகையாளர். அரசு அங்கீகரித்த அந்தச் சங்கத்துக்கு ஒரு காலத்தில் தலைவராகவும் இருந்தவர்.

அந்தச் சங்கம் தடையைக் கண்டிக்கத் துணியவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி போகோர் அருகே சிர்னகாலி என்னுமிடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் கூடி, சுதந்திரப் பத்திரிகையாளர் கூட்டணி என்ற மாற்று அமைப்பை உருவாக்கினார்கள். அது சட்டவிரோத அமைப்பாகவே கருதப்பட்டது. பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்கள் பலர் வேலையிழந்தார்கள். கூட்டணியின் அனுமதியற்ற வெளியீட்டுக்காக 1995இல் அஹ்மட் தௌபிக், எக்கோ மர்யாடி என்ற இரு பத்திரிகையாளர்களும், அவர்களோடு அலுவலக உதவியாளரான ஓர் இளைஞரும் சிறை சென்றனர்.

இந்த வரலாற்றில் என்னை அதிகம் கவர்ந்த பகுதி இங்குதான் தொடங்குகிறது. சஞ்சிகையை இழந்த குனாவான் மொஹமட் 1995இல் தகவல் பரவலை ஆராயும் ஒரு நிறுவனத்தை நண்பர்களோடு சேர்ந்து அமைத்தார். அங்கே இளைஞர்கள் பயிற்சி பெற்றார்கள்; நூல்கள் பதிப்பிக்கப்பட்டன; ஆட்சிக்குத் தெரியாத வழிகளில் செய்திகள் பரவின. 1996இல் டெம்போவின் பெயர் இணையத்தில் மீண்டும் தோன்றியது. இணையத்தளத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று ஒழுங்குவிதியில் எழுத எவருக்கும் அப்போது தோன்றியிருக்கவில்லை! அந்நாட்டின் பல்கலைக்கழகங்களில் தொடர்பாடல் துறைகள் இருந்தன. 1988 முதல் டாக்டர் சுதோமோ பத்திரிகை நிறுவனம் தொழிற்பயிற்சியும் அளித்து வந்தது. ஆயினும் எதை எழுதாமல் விடுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பாடத்தை, வேலை பறிக்கப்பட்டவர்களே அதிகம் கற்பித்தார்கள்.

1998 மே 21ஆம் திகதி சுஹார்த்தோ பதவி விலகினார். ஜனாதிபதியானவர், அந்தப் போர்க்கப்பல் விவகாரத்தில் பெயர் அடிபட்ட அதே ஹபீபி. அவர் நியமித்த தகவல் அமைச்சர் யூனுஸ் யொஸ்பியா ஓர் இராணுவத் தளபதி. 1975இல் கிழக்குத் தீமோரின் பலிபோவில் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சிகளின் ஊடகவியலாளர் ஐவர் கொல்லப்பட்ட சம்பவத்தோடு அவரது பெயர் தொடர்புபடுத்தப்பட்டிருந்தது. அவர் அதனை மறுத்து வந்தார். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் மரண விசாரணை நீதிமன்றம், அக்கொலைகள் திட்டமிட்டவை என்றும் அவரது உத்தரவின்படி நிகழ்ந்தவை என்றும் முடிவு செய்தது. பத்திரிகைகளின் கதவைத் திறந்துவிட்டவர் இந்த மனிதரே. 1984ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை அவர் நீக்கினார். ஒக்டோபரில் டெம்போ மீண்டும் அச்சில் வெளிவந்தது. பத்திரிகையாளராயிருந்த அமைச்சர் பூட்டியதை இராணுவத் தளபதி திறந்துவிட்டார். மனிதர்களை அவர்களது தொழிலை வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு வரலாறு தரும் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

1999 செப்டெம்பரில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. அனுமதிப்பத்திர முறை ஒழிந்தது. தணிக்கையும் தடையும் விலக்கப்பட்டன. தகவல் தந்தவரின் பெயரை வெளியிட மறுக்கும் உரிமை கிடைத்தது. பத்திரிகையின் பணிக்குக் குறுக்கே நிற்பவருக்கு இரண்டாண்டுச் சிறை அல்லது 50 கோடி ரூபியா அபராதம் என்று சட்டம் கூறியது. அடுத்து ஜனாதிபதியான அப்துர்ரஹ்மான் வாஹிட் தகவல் அமைச்சையே கலைத்தார். முந்நூறுக்கும் குறைவாயிருந்த வெளியீடுகள் குறுகிய காலத்தில் ஆயிரத்தைத் தாண்டின.

அத்தனை பத்திரிகைகளுக்கும் எழுதப் பயிற்சி பெற்றவர்கள் எங்கே இருந்தார்கள்? பத்திரிகையே இல்லாத 'பத்திரிகையாளர்கள்' தோன்றினார்கள். அடையாள அட்டையைக் காட்டி அதிகாரிகளை மிரட்டிப் பணம் பறித்தவர்களுக்கு, ஒரு தலைவலி மாத்திரையின் பெயரைச் சூட்டி மக்கள் அழைத்தார்கள். செய்தியாளர் மாநாடுகளில் பணம் வைத்துத் தரப்படும் கடித உறை, புதிய ஆட்சியிலும் கைமாறிக்கொண்டே இருந்தது. சம்பளம் போதாத நிருபரிடம் ஒழுக்கக் கோவையை மட்டும் கொடுத்துப் பயனில்லை என்பதால், சுதந்திரப் பத்திரிகையாளர் கூட்டணி உறையை மறுக்கும்படி கற்பித்த அதேவேளை, நியாயமான ஊதியத்துக்காகவும் குரல் கொடுத்தது.

இவற்றையெல்லாம்விடக் கொடியது அம்பொனில் நிகழ்ந்தது. 1999 ஜனவரியில் மலுக்குத் தீவுகளில் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 2002 பெப்ரவரியில் மலினோ உடன்படிக்கை கையெழுத்தாகும் முன்னர் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அங்கிருந்த 'சுவாரா மலுக்கு' பத்திரிகையின் அலுவலகம் கிறிஸ்தவர் பகுதியில் இருந்தது. முஸ்லிம் நிருபர்களால் அங்கே போக முடியவில்லை. அவர்களுக்காக 'அம்பொன் எக்ஸ்பிரஸ்' என்ற இன்னொரு பத்திரிகை தொடங்கப்பட்டது. இரண்டும் ஜாவா பொஸ் என்ற ஒரே குழுமத்துக்குச் சொந்தமானவை. நேற்றுவரை ஒரே அறையிலிருந்து எழுதியவர்கள் இன்று ஒரே மோதலை இரண்டு விதமாக எழுதினார்கள். ஒரு பத்திரிகையின் இறந்தவர்கள் மற்றப் பத்திரிகையில் இல்லை. அவர்களை அப்படி எழுதும்படி எந்தத் தளபதியும் தொலைபேசியில் கட்டளையிட வேண்டியிருக்கவில்லை.

இதை வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். ஒரே கூரையின் கீழ் சிங்களத்திலும் தமிழிலும் பத்திரிகைகள் அச்சாகிய ஓரிடத்தில் நானும் பணியாற்றியிருக்கிறேன். ஒரு விமானக் குண்டுவீச்சைப் பற்றிய செய்தி, படிக்கட்டில் ஒரு மாடி ஏறுவதற்குள் வேறு செய்தியாக மாறியிருக்கும். இரு ஆசிரியபீடத்தாரும் ஒரே உணவகத்தில் தேநீர் குடித்தோம், கிரிக்கெட் பேசினோம். எங்கள் பக்கங்களைப் பற்றி மட்டும் ஒருவரையொருவர் கேட்டதில்லை. அவர்கள் எழுதாததை நான் குறைகூறியிருக்கிறேன். நான் எழுதாமல் விட்டவற்றை எண்ணிப் பார்க்க எனக்கு நீண்ட காலம் பிடித்தது.

அம்பொனில் பின்னர் சுதந்திரப் பத்திரிகையாளர் கூட்டணியின் முயற்சியால் இரு சமூக நிருபர்களும் சேர்ந்து அமரவும் தகவல்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் ஒரு பொதுவான ஊடக நிலையம் உருவானது. ஜகார்த்தாவில் அன்ட்ரியாஸ் ஹர்சோனோவும் நண்பர்களும் 'பந்தாவ்' என்ற பெயரில் நீண்ட கட்டுரைகள் எழுதும் பயிற்சியை நடத்தினார்கள். பில் கோவாச், டொம் ரோசன்ஸ்டீல் எழுதிய ஊடகவியல் அடிப்படைகள் பற்றிய நூல் 2003இல் இந்தோனேசிய மொழியில் வந்தது. 2010இல் பத்திரிகைப் பேரவை தொழில் தகைமைத் தேர்வுக்கான நியமங்களையும் வகுத்தது. தேர்வுகளால் தலைப்பு எழுதக் கற்பிக்கலாம். எதிர்த் தரப்பின் மரணங்களை எண்ணக் கற்பிக்குமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அதற்கு அந்தத் தரப்பு நிருபரோடு ஒரே மேசையில் அமரவேண்டும்.

சுதந்திரம் நிலைத்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2025 மார்ச்சில் டெம்போவின் பெண் செய்தியாளர் ஒருவருக்கு வெட்டப்பட்ட பன்றித் தலை ஒன்று பெட்டியில் அனுப்பப்பட்டது. ஆயினும் அச்சஞ்சிகை அஞ்சி ஒதுங்கவில்லை.

இலங்கையில் 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. 2004இல் கொழும்பில் இதழியல் கல்லூரி தொடங்கப்பட்டது. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இவை சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் இளம் ஊடகவியலாளர்களுக்கு விரிவுரையாற்ற என்னை அழைக்கும்போது நான் சட்டங்களில் தொடங்குவதில்லை. ஒரு சம்பவத்தைப் பற்றிய சிங்களச் செய்தியையும் தமிழ்ச் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் இல்லாததைப் பட்டியலிடச் சொல்கிறேன். முதலில் எல்லோரும் மற்ற மொழிப் பத்திரிகையில் இல்லாததையே எழுதுகிறார்கள். தம்முடையதில் இல்லாததை எழுதத் தொடங்கும்போதுதான் வகுப்பில் அமைதி நிலவுகிறது. எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரேனும் அந்தப் பயிற்சியைத் தந்திருக்கலாம்.