மெல்லிய விரல் யார் சொன்ன சொல்?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏன் பெண்கள் என்று கேட்டால் இன்றும் ஒரகடம் வரை ஒரே பதில்தான்: பொம்பளைப் பிள்ளைகளுக்கு விரல் மெல்லிசு, பொறுமை ஜாஸ்தி. பாட்டி காலத்துப் பழமொழி மாதிரி சொல்வார்கள்.

அத்தனை பழையதல்ல அது. இந்தத் தொழில் நம்மிடம் வருமுன் மலேசியாவுக்குப் போனது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972இல் வணிக மண்டலம் திறந்தார்கள். அந்நிய முதலாளிகளுக்காக மலேசிய அரசு அச்சிட்ட கையேடு ஒன்று, கீழைநாட்டுப் பெண்ணின் கை சிறியது, வேகமானது, பிறவியிலேயே இவ்வேலைக்கு ஏற்றவள் அவள் என்று விளம்பரம் செய்தது. இயற்கை சொன்னதாக நாம் நம்புவதை அங்கே ஓர் அரசாங்கம் விலைபேசியிருக்கிறது.

டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் 'ஃபெமினிஸ்ட் ரெவ்யூ' இதழில் அந்த வாசகத்தைப் பிரித்துப் போட்டார்கள். விரல் பிறவியில் வந்ததல்ல. தாயிடம் தையலும் வீட்டுவேலையும் பழகி வந்தது. நம் ஊரில் பூக்கட்டுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் கற்றதால் அதைப் பயிற்சி என்று எவரும் எண்ணுவதில்லை. திறனற்ற வேலை என்று பெயர், கூலியும் அதற்கேற்ப.

பக்கத்தில்தான் காஞ்சிபுரம். தறிக்குழியில் அமர்ந்து மெல்லிய பட்டிழையையும் சரிகையையும் கையாளும் ஆண்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். (நூல் சுற்றித் தரும் வீட்டுப் பெண்களை நெசவாளர் என்பவர் அங்கும் குறைவு.) அந்த ஆண்களின் விரலை மெல்லிசு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கைத்திறன் என்றே சொல்கிறோம்.