சின்னப் புள்ளைதானே, சரியாப் போயிடும்!

தலைப்புல இருக்கிற வசனத்தை நாம எல்லாருமே ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். முட்டியில சிராய்ப்புன்னா சரி. மூளையில அடின்னா? ரொம்ப வருஷம் மருத்துவ உலகத்துலயும் இதே வசனம்தான் ஓடிச்சு. 'கென்னார்ட் விதி'ன்னு அதுக்கு ஒரு பெயர் வேற. அது எப்படி வந்து எப்படி ஆட்டம் கண்டதுங்கிறதுதான் இந்தப் பதிவு.

1930கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துல மார்கரெட் கென்னார்ட், கைகால் அசைவைக் கவனிச்சுக்கிற மூளைப் பகுதியைக் குரங்குகள்ல நீக்கிப் பார்த்தாங்க. வளர்ந்த குரங்குகள் முடங்கின. குட்டிகளுக்கு அவ்வளவு பாதிப்பு தெரியல. 1936ல் இது வெளியாச்சு. பின்னால வந்தவங்க 'வயசு குறைவுன்னா மூளை நல்லாத் தேறும்'னு சுருக்கி விதியாக்கிட்டாங்க.

வேடிக்கை என்னன்னா, கென்னார்ட் அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லவே இல்ல. அந்தக் குட்டிகள் வளர வளர கைகால்ல விறைப்பு வந்ததையும் அவங்களே பதிவு பண்ணியிருக்காங்க. அந்தப் பாதியைத்தான் எல்லாரும் மறந்துட்டாங்க.

1940கள்லயே கனடாவின் டொனால்ட் ஹெப் எதிர்க்குரல் கொடுத்தார். வளர்ந்தவனுக்கு அடிபட்டா, ஏற்கெனவே கத்துக்கிட்டது கொஞ்சமாவது மிஞ்சும். குழந்தைக்கோ கத்துக்கவே வேண்டிய கருவி அடிவாங்குதுன்னார். 1970களின் தொடக்கத்துல பட்ரீஷியா கோல்ட்மன் இன்னொரு சோதனை செஞ்சாங்க. குட்டிக் குரங்குகளோட மூளையின் முன்பகுதியில ஒரு இடத்தை நீக்கிட்டு, தீனியை மறைச்சு வெச்சு, சில நொடி கழிச்சு எங்கேன்னு கண்டுபிடிக்க விட்டாங்க. ஒரு வயசுல எல்லாம் பாஸ். ரெண்டு வயசு வாக்குல தடுமாற ஆரம்பிச்சுது!

நம்ம பாஷையில சொன்னா, மாட்யூல் முதல் நாளே உடைஞ்சிருக்கு. யாரும் அதைக் கூப்பிடாத வரைக்கும் புரோகிராம் ஜோரா ஓடுது. கூப்பிட்ட அன்னிக்குத்தான் படுத்துடுது.

மனுஷக் குழந்தைக்கும் இதே கதைதான். விபத்து, மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி, எதுனாலயும் மூளை அடிபடலாம். திட்டம் போடுறது, கவனத்தைப் பிடிச்சு வைக்கிறது, கோபத்தை அடக்குறது, இதுக்கெல்லாம் முக்கியமான முன்மூளை முழுசா முதிர இருபது வயசைத் தாண்டும். நாலு வயசுல அடிபட்ட பையன் நடக்கிறான், பேசுறான், வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. பன்னிரண்டு வயசுல அஞ்சாறு பாடமும் ஹோம்வொர்க்கும் சேரும்போது தடுமாறுறான். பழைய காயத்தை யாரும் நினைக்கிறதில்ல. 'சோம்பேறி, திமிரு'ன்னு முத்திரை குத்திடுவாங்க.

விதி முழுப் பொய்யும் இல்ல. இடது மூளை அடிபட்ட குழந்தைகள்கிட்ட பேச்சு ஆச்சரியமாத் திரும்பி வரும். ஆனா 2005ல் ஆஸ்திரேலியாவின் விக்கி ஆண்டர்சன் குழு வெளியிட்ட ஆய்வுல, பலத்த அடின்னா, ரொம்பச் சின்ன வயசுல பட்டவங்கதான் அதிகம் பின்தங்கினாங்க.

இதனால மறுவாழ்வுச் சிகிச்சையோட அர்த்தமே மாறிச்சு. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சியோட ஆஸ்பத்திரி வாசல்ல முடியுற வேலை இல்ல, பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே போகணும்னு ஆச்சு. 1990ல் அமெரிக்கா தன்னோட சிறப்புக் கல்விச் சட்டத்துல, வெளியில இருந்து பட்ட அடியால வர்ற மூளைக்காயத்தைத் தனிப் பிரிவாவே சேர்த்தது. செய்யுற உதவி என்னவோ சாதாரணமாத்தான் தெரியும்: முதல்ல அரைநாள் வகுப்பு, பெரிய வேலையைச் சின்னச் சின்னதா உடைச்சுக் கொடுக்கிறது, சொன்னதை எழுதியும் கொடுக்கிறது, பரீட்சையில கூடுதல் நேரம். முக்கியமானது, வளர வளர மறுபடி மறுபடி சோதிச்சுப் பார்க்கிறது.

ஆக மக்களே, ஒரு குழந்தைக்கு எப்பவோ தலையில பலமா அடிபட்டிருந்தா, அதைப் பள்ளிக்கூடத்துல சொல்லி வைங்க. வருஷம் எத்தனை ஆனாலும் சரி. ஆறாங்கிளாஸ் வாத்தியாருக்கு அந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா, பிரம்பை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பார்.