ஓடுகிற கால்களுக்கு ஒரு சோடி

பதக்கங்களைக் கொண்டு எழுதப்படும் விளையாட்டு வரலாறு, போட்டி நடந்த ஒரு நாளைத்தான் பேசுகிறது. அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான விடியற்காலைகளில் அந்தப் பெண் காலில் எதைப் போட்டுக்கொண்டு ஓடினாள் என்று அது கேட்பதில்லை. பந்தயத்தன்று ஆணி பதித்த ஷூவை யாரிடமாவது இரவல் வாங்கிவிடலாம். அன்றாடம் ஓடிப் பழகச் சொந்தமாக ஒரு சோடி வேண்டும். அது யாருக்கு, எப்போது கிடைத்தது என்று தேடினால் வேறொரு வரலாறு தெரியவரும்.

பாபநாசத்தில், திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 3000 கலம் கொள்ளும் என்பார்கள். இந்த வட்டாரத்தின் செல்வம் சேற்றில் நின்ற கால்களால் விளைந்தது. நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை. சேற்றில் வெறுங்கால் என்பது வேலையின் தேவை. கரையேறிய பிறகும் வெறுங்கால்தான் என்பது சாதியின் கட்டளை. ஆதிக்க சாதித் தெருக்களில் தலித் மக்கள் செருப்பணிந்து நடக்கக்கூடாது என்ற தடை தமிழகத்தின் பல ஊர்களில் இருந்தது. ஆகவே வெறுங்காலை வறுமை என்று மட்டும் சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது.

பணமிருந்த நாடுகளிலும் பெண்ணின் ஓட்டம் எளிதாக ஏற்கப்படவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். அவர்கள் உடல் தாங்காது என்று சொல்லி அந்தப் போட்டியை நீக்கினார்கள்; அது திரும்பிவர 1960 ஆயிற்று. 1966இல் பாபி கிப் என்ற அமெரிக்கப் பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்ணால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று மறுத்தார்கள். அவர் எண் இல்லாமலே ஓடி முடித்தார். அவர் பயிற்சி செய்தது செவிலியர் அணியும் காலணியில். பெண்களுக்கென்று ஓட்டக் காலணி கடையில் இல்லை. பந்தயத்துக்குப் பையன்களின் ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டார், கால் கொப்பளித்தது. பாஸ்டனில் பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972இல்தான்.

நம் பக்கத்துக் கதை இன்னும் அண்மையது. மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். பாட்டி ஆரம்மாள் வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்து வளர்த்தார். பெண்பிள்ளையை எதற்கு ஓட அனுப்புகிறாய் என்று உறவினர்கள் கேட்டார்கள். பாட்டி கேட்கவில்லை. கல்லூரிப் போட்டிகளிலும், 2016இல் தேசிய இளையோர் முகாமிலும்கூட ரேவதி வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் ஷூவுக்கு வழி செய்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் அவர் இந்தியாவுக்காக ஓடினார். வெறுங்காலை வீரக்கதையாக்கி மகிழும் செய்திகள், வாங்கித் தர ஒரு கண்ணன் வாய்க்காத பெண்களைப் பற்றிப் பேசுவதில்லை.

ஷூ செய்யத் தெரியாத நாடல்ல இது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் நைக்கி ஷூக்களைத் தயாரிக்கும் தைவான் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். அவர்கள் கை பட்ட ஷூவில் உலகம் ஓடுகிறது.

அன்றாடப் பயிற்சி ஷூ ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். ஒரு மாணவி தினமும் 5 கிலோமீட்டர் ஓடினால் 100 முதல் 160 நாளில் அடிப்பாகம் தேய்ந்துவிடும். பிறகு அதிர்ச்சியை முழங்கால்தான் வாங்கும். அரசுப் பள்ளியில் தரும் விலையில்லாக் காலணி ஆண்டுக்கு ஒரு சோடி, அதுவும் நடப்பதற்கானது. அகலமான ஆண் பாதத்தின் அச்சில் வார்த்த ஷூ, குதிகால் ஒடுங்கிய பெண் பாதத்தில் நழுவும். ஓடுகிற மாணவிக்கு அவள் காலளவில் ஆண்டுக்கு இரண்டு சோடி என்று பள்ளி விளையாட்டு நிதியில் ஒரு வரி சேர்க்கலாம். பதக்கம் வாங்கிய பிறகு தரும் பரிசுத்தொகையை விட அது மிகச் சிறிய செலவு.